நாலு பத்துக்குச் சொல்ல வேண்டியது

பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போக, காசு கொடுத்து ஒருவரிடம் திட்டம் போட்டு வாங்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், கட்டாயம் வாங்குங்கள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வேறு எப்படிச் சொல்வது? என் பிழைப்பே அதுதான்.

மூலக்குளத்தில் வில்லியனூர் ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. அங்கே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பும் ஒரு டேபிள் ஃபேன். நான்கு வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு, பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்களைப் பாரீசுக்கு வெளியே இருக்கும் ஒரு பூங்காவுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறேன். காலையில் எந்த வாசல், முதலில் எந்த ராட்டினம், எந்த வரிசை எத்தனை மணிக்குக் குறையும், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் வெயில் படாது, எல்லாம் நிமிடக் கணக்கில் எழுதி அனுப்புவேன். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவள், காலேஜிலும் அதையே படித்துத் தொலைத்தேன். அது இப்படிச் சோறு போடும் என்று யார் கண்டார்கள்?

முதலாளி லியோனில் இருக்கும் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள். மதாம் என்றுதான் கூப்பிடுவேன். நான் அந்தப் பூங்காவின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை என்பது மதாமுக்குத் தெரியும். காசு கொடுப்பவர்களுக்குத் தெரியாது. வரைபடம், வீடியோக்கள், வரிசையில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று காட்டும் ஒரு ஆப் இருந்தால் போதும் என்பார் மதாம். நானும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஜூன் மாதம் அங்கே நானே போகும்படி ஆயிற்று. ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவதற்காக.

அண்ணன் பெயர் சேகர், கல்யாணம் ஆனதிலிருந்து பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் அமைந்துவிட்டால் ஜாதகத்தைப் பாதிதான் பார்ப்பார்கள். எங்களுடையது சேதராப்பட்டுப் பக்கம் பயிர் வைத்த குடும்பம். அண்ணியின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கியவர். கல்யாணம் நடந்தபோது, கொடுத்து வைத்தவன் என்று அண்ணனைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. அண்ணி தொண்டையில் புற்றுநோய் வந்து போன வருடம் இறந்துபோனார். அண்ணனும் பதினோரு வயது மகள் வினோதினியும்தான் மிச்சம்.

அண்ணனுக்குச் சரக்குக் கிடங்கு ஒன்றில் ராத்திரி டூட்டி. பெண் பிள்ளையை ராத்திரி தனியாக விட்டுவிட்டுப் போக முடியவில்லை, உங்களிடமே வளரட்டும் என்று முடிவு பண்ணிவிட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்துவிட்டது. வினோவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. லீவுக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். செப்டம்பரில் அவள் திரும்பி வரப்போவதில்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

“நீ சொல்லு சுமதி. அத்த சொன்னா கேட்டுக்கும். எனக்கு வாயே வராது,” என்றார் அண்ணன் போனில்.

நம் வீடுகளில் வழக்கமே இதுதானே. பிள்ளையைப் பற்றிய முடிவை அந்தப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசி முடிப்போம். கடைசி நேரத்தில் ஏதாவது வாங்கிக் கொடுத்துக் காதில் போடுவோம். எனக்கு அது அப்போது தப்பாகவே படவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணனிடமிருந்து போன் வந்த மறுநாளே பின்னறையை ஒழித்து மஞ்சள் பெயிண்ட் அடிக்க ஆள் வரச் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு உடம்பே சுருங்கிப் போயிற்று. நான்காவது மாடி, ஒரே ஒரு படுக்கையறை, பகலிலேயே இழுத்து மூடிய திரை. பகலில் அண்ணன் தூங்குவதால் அந்த வீட்டில் கதவைக்கூட யாரும் சத்தமாகச் சாத்துவதில்லை. எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கே கீரைக்காரம்மா குரல், தண்ணீர் லாரி, எதிர்வீட்டு மிக்சி எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இங்கே குழாயைத் திறந்தால்கூட வினோ விரலை உதட்டில் வைத்தாள்.

குழந்தை என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். அண்ணியின் அதே நெற்றி. “வாங்க அத்த” என்று சொல்லி என் பெட்டியை அவளே உள்ளே இழுத்துப் போனாள். பேச்சு அச்சு அசல் நம் ஊர்ப் பேச்சு. நடுவில் நாலு வார்த்தை பிரெஞ்சு விழும், அவ்வளவுதான். “தமிழ் நல்லாப் பேசும், எழுதப் படிக்கத்தான் தெரியாது. எங்க கத்துக் குடுக்கறது?” என்றார் அண்ணன்.

ராத்திரி சாப்பாடு சோறும் டப்பா மீன் குழம்பும். டப்பாவில் வந்த மத்தியைப் புளியில் போட்டுக் கொதிக்க வைத்தது. தவளக்குப்பம் ஜங்ஷனில் கூடையில் வாங்கும் மீனை நினைத்துக்கொண்டே விழுங்கினேன். யார் வைத்த குழம்பு என்று நான் கேட்கவில்லை, அண்ணன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் நேரம் மாறிய மயக்கத்தில் மத்தியானம் படுத்தால் ராத்திரிதான் எழுந்தேன். அண்ணன் எப்போது எழுந்தார், எப்போது வேலைக்குப் போனார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். சனிக்கிழமை வினோவைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதற்குத் திட்டம் போட்டேன். அண்ணி உடம்பு நன்றாக இருந்தபோது அவளைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தாராம், நடக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு திட்டம் போட்டதில்லை. பதினான்கு சவாரி, இரண்டு ஊர்வலம், ஒரு நாடகம். எங்கேயும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை.

எங்கள் தாளில் ஓரமாகப் பெற்றோர் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் நேரம், பிறந்தநாள் கேக் வரும் நேரம், அந்த மாதிரி விஷயங்களுக்கு. அதில் சாயங்காலம் நாலு பத்துக்கு நேரே தமிழில் எழுதினேன்: ‘ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் பெஞ்சு. கூட்டம் இருக்காது. இனிமே ஊரில்தான் இருக்கணும்னு வினோகிட்ட சொல்லணும்.’ மறந்துவிடுவேன் என்று எழுதவில்லை. தள்ளிப் போட்டுவிடுவேன் என்ற பயத்தில் எழுதினேன். அந்த ஊரில் இருக்கிற நம்மவர்கள் பிள்ளைக்குத் தெரியக்கூடாததைத் தமிழில் எழுதி வைப்பார்கள், நானும் அதையே செய்தேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அந்தத் தாளை வினோவின் கையில் கொடுத்தேன். அதுவும் மதாம் சொல்லிக் கொடுத்த வித்தைதான். திட்டத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இன்றைக்கு நீதான் தலைவர் என்று சொல்லிவிட்டால் அது அடம் பிடிக்காது என்பார்.

வினோ தாளை மேலிருந்து கீழே படித்தாள். வெகுநேரம் படித்தாள். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இத நானே வெச்சுக்கவா அத்த?” என்றாள். வைத்துக்கொள் என்றேன்.

இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ரயில் நின்றுவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் யாரோ பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், போலீஸ் வந்து பார்க்கும் வரை நகராது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்திருந்த கிழவர், “நாட்டில் ஒரு பையை மறக்கக்கூட ஒருத்தனுக்கு உரிமை இல்லை” என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். நாற்பது நிமிடம். என் முதல் மூன்று சவாரியும் அங்கேயே போயிற்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் பஸ்ஸாக இருந்தால் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்திருப்பேன். வினோ மட்டும் கால்களை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

பூங்கா வாசலில் பையைச் சோதித்தார்கள். நான் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்த காவலாளி, என்ன இது என்று மூக்கைச் சுளித்தான். சோறு என்றேன். “இந்த நிறத்திலா?” என்றான். போடா என்று தமிழில் சொல்லிவிட்டு மூடினேன். உள்ளே போனதும் எனக்கு ஒரு நிமிடம் தலை சுற்றியது. ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரிந்த இடம், ஆனால் எல்லாமே நான் நினைத்ததைவிடத் தூரம். என் தாளில் நான்கு நிமிடம் என்று எழுதிய நடைக்குப் பதினொன்று ஆயிற்று. கூட்டத்தில் தள்ளுவண்டிகள், முழங்கால் வலிக்கிற கிழவிகள், நடுவழியில் நின்று படம் எடுப்பவர்கள். வீடியோவில் இவர்கள் யாரும் என் வழியில் நின்றதில்லை.

முதல் சண்டை முதல் சவாரியிலேயே வந்தது. வலது பக்கத்து ராட்டினத்தில் பத்து நிமிடம்தான் வரிசை, அங்கே போகலாம் என்றேன். வினோ இடது பக்கத்தைக் காட்டினாள். அங்கே பலகையில் ஐம்பது நிமிடம் என்று போட்டிருந்தது.

“இதுல நிக்கலாம் அத்த.”

“இது சாயங்காலம் காலியா இருக்கும்டி. இப்ப எதுக்கு?”

“எனக்கு இதுதான் வேணும்.”

நின்றோம். மாரியம்மன் கோயில் திருவிழாவில்கூட நான் அப்படி நின்றதில்லை, பின்வாசல் வழியாகத் தெரிந்தவர்களைப் பிடித்துப் போய்விடுவேன். இறங்கியதும் அடுத்ததற்கும் அவள் நீளமான வரிசையாகப் பார்த்துப் போய் நின்றாள். அதற்கடுத்ததற்கும் அப்படியே. கழிப்பறையில் பத்து நிமிடம் இருந்தாள். புளிச்சோற்றை ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டாள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இவ்வளவு பெரிய இடத்துக்குக் கூட்டி வந்தும் இந்தப் பிள்ளைக்கு ஒரு துள்ளல் இல்லையே, அம்மா செத்ததில் இப்படி ஆகிவிட்டதோ என்று பயமாகவும் இருந்தது. ஊருக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் நீரூற்று ஓரத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அப்பா, அம்மா, நான்கு வயதுப் பையன். அப்பாவின் போனில் பச்சைக் கரை போட்ட ஒரு பக்கம் திறந்திருந்தது. எங்கள் கம்பெனித் தாள். என் கையால் போட்டதுதான் என்று வரிசையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. “பதினோரு நிமிடம் பின்தங்கிவிட்டோம்” என்று அவன் கத்தினான். “பிள்ளைக்கு மூத்திரம் வருகிறது” என்றாள் அவள். “அதற்கு மூன்றரைக்குத்தான் இடைவேளை போட்டிருக்கிறது” என்றான் அவன். அப்படிச் சொன்னதும் அவனுக்கே அசிங்கமாகப் போயிருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. பையன் கால்சட்டை அதற்குள் நனைந்துவிட்டது. அந்தப் பெண் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பையனைத் துடைத்துக்கொண்டே, “இதற்கா காசு கொடுத்தோம், நாள் முழுக்க சண்டை போடவா?” என்றாள்.

போய், தாயே, அந்த மூன்றரை மணியை எழுதிய முட்டாள் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வினோவை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். அந்தத் திட்டத்தில் தப்பே இல்லை என்று மூலக்குளத்தில் உட்கார்ந்து சத்தியம் பண்ணியிருப்பேன். எல்லாச் சவாரியும் ஏற வேண்டும் என்றால் இன்றைக்கும் அது நல்ல திட்டம்தான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்போது முட்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

மூன்றேகாலுக்குப் படகுச் சவாரி வரிசையில் போய் நின்றாள் வினோ. இருட்டுக் குகை மாதிரி ஒரு கட்டிடத்துக்குள் வளைந்து வளைந்து போகும் வரிசை. பாதி தூரம் போனதும் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது. இயந்திரம் பழுது, எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது என்று அறிவித்தார்கள். முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள். வெளிச்சத்தில் அந்தக் குகை வெறும் அட்டையும் ஆணியுமாக இருந்தது. நானும் வினோவும் இன்னும் ஏழெட்டுப் பேரும்தான் மிச்சம்.

மணி நாலாகிவிட்டிருந்தது. “வா போலாம்” என்றேன்.

“சரி பண்ணிடுவாங்க அத்த. நிக்கலாம்.”

“பண்ண மாட்டாங்க. எனக்குத் தெரியாதா? ஒருவாட்டி நின்னா ஒரு மணி நேரம் ஆவும். வா.”

“நான் வரல.”

“இன்னாடி உனக்கு? காலையிலேர்ந்து பாக்குறேன், நான் சொல்றது எதையும் கேக்க மாட்டேங்குற. எவ்ளோ பாடுபட்டுப் போட்ட திட்டம் தெரியுமா? நாலு பத்துக்கு நாம அங்க இருக்கணும்!”

வினோ இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அங்க போனா நீங்க சொல்லிடுவீங்க,” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. அவள் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, ஓரத்துக் கட்டத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். “இ-னி-மே ஊ-ரில்-தான் இருக்கணும்னு வினோகிட்ட சொல்லணும்.” பிறகு தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

“உனக்கு... தமிழ் படிக்கத் தெரியுமா?”

“அம்மாக்குப் பேச முடியாமப் போச்சு இல்ல, அப்ப நோட்ல எழுதிக் காட்டுவாங்க. பிரெஞ்சுல அவங்களுக்கு எழுத வராது. மொதல்ல எனக்குப் புரியல. அம்மா அழுதாங்க. அப்புறம் எழுத்து ஒண்ணொண்ணாக் காட்டினாங்க. நான் கத்துக்கிட்டேன்.”

“அப்பாக்குத் தெரியாதா?”

“அப்பா அப்ப தூங்கிட்டு இருப்பாரு. நான் ஸ்கூல்லேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்.”

பாவி, நான் எதை எதில் எழுதிக் கொடுத்துவிட்டேன்! அம்மா கடைசியாகச் சொன்னதையெல்லாம் படிக்கக் கற்றுக்கொண்ட எழுத்தில், உன்னை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகப் போகிறோம் என்று எழுதி, அதை அவள் கையிலேயே கொடுத்து, நீதான் தலைவர் என்றும் சொல்லியிருக்கிறேன். காலையிலிருந்து இந்தக் குழந்தை ஒவ்வொரு நீள வரிசையிலும் நின்று நாலு பத்தைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அத்த வீடு நல்லாருக்கும்டா,” என்றேன். “உனக்குன்னு தனி ரூம். மஞ்சள் பெயிண்ட்.”

“எனக்கு உங்களப் பிடிக்கும் அத்த. அது இல்ல.” அவள் என்னைப் பார்க்காமல் அட்டைப் பாறையைப் பார்த்துச் சொன்னாள். “அப்பாவ யாரு எழுப்புவா?”

“இன்னாது?”

“அப்பாக்கு அலாரம் கேக்காது. அம்மா போனதுலேர்ந்து கேக்குறதே இல்ல. நான்தான் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எழுப்புவேன். குழம்பு வெச்சு டப்பால கட்டிக் குடுப்பேன். ஸ்கூல்ல ரெண்டு நாள் டூர் கூட்டிட்டுப் போனாங்க, அந்த ரெண்டு நாளும் அப்பா எழுந்துக்கல. வேலையில லெட்டர் குடுத்துட்டாங்க. இன்னொரு வாட்டின்னா அனுப்பிடுவாங்களாம்.”

அந்தக் கம்பி ஓரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு பத்து எப்போதோ தாண்டிப் போயிருந்தது. சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்து, சவாரி இன்றைக்கு ஓடாது, வெளியே போய்விடுங்கள் என்றாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. சரியாக ஐந்து மணிக்கு வினோ என் போனை வாங்கினாள். அப்பாவுக்குப் போட்டாள், முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எங்களைச் சுற்றி ஊர்வலத்துக்கு மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள், எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, திரும்பத் திரும்பப் போட்டாள். எட்டாவது தடவை எடுத்தார். “அல்லோ, பா? எழுந்துட்டீங்களா? காலக் கீழ வைங்க. வெச்சிட்டீங்களா? போய்த் தண்ணியத் தொறங்க, சத்தம் கேக்கட்டும்.” சத்தம் கேட்ட பிறகுதான் போனை என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு எதிலும் ஏறவில்லை. ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை அண்ணன் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். குளிக்கும் அறையில் வினோ துணி அலசுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபம். “அண்ணே, இந்தப் பிள்ள இல்லன்னா நீ எழுந்துக்கவே மாட்ட. உன்ன அதுதான் பாத்துக்குது. அத என்கிட்ட அனுப்பிட்டு நீ இன்னா ஆவ? யோசிச்சியா?”

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற?” என்றார். “பதினோரு வயசு. கூடப் படிக்கிற பிள்ளைங்கல்லாம் சாயங்காலம் கீழ வெளையாடுது. இது எனக்கு மீன் டப்பா ஒடைச்சிக்கிட்டு நிக்குது. ராத்திரியெல்லாம் சரியாத் தூங்காம, விடியக்காலைல நான் வர்ற வரைக்கும் முழிச்சி முழிச்சிப் பாத்துக்கிட்டே இருக்குது. அதுக்குத்தான் சுமதி அனுப்புறேன். தனியா விட முடியலன்னு சொன்னது பொய். அது என்னத் தனியா விட மாட்டேங்குது.”

பின்னறைக்குப் பெயிண்ட் அடித்ததை நினைத்தால் கூசியது. எனக்குப் பிள்ளை வேண்டும் என்ற ஆசையில் நான் வந்திருந்தேன், இவர் தன் ஒரே துணையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நீயே சொல்லு,” என்றேன். “நான் சொல்ல மாட்டேன்.”

சொன்னார். வினோவை எதிரே உட்கார வைத்து, ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்வதும் நிறுத்துவதுமாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். முடிவில், “எத்தன வருஷம்பா?” என்றாள். “எனக்குப் பகல் டூட்டி கெடைக்கிற வரைக்கும்” என்றார். எப்போது கிடைக்கும் என்று அவள் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் அண்ணன்தான் அழுதார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதார். வினோ அழவில்லை. அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை குப்பை எடுக்க வருவார்கள், ஊதா மூடி போட்ட குழம்பை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

மூலக்குளத்தில் அவளுக்கு எல்லாம் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் என் வீட்டுக்காரர் சேதராப்பட்டு ஃபாக்டரி வேலை முடிந்து வந்ததும் அவளை வண்டியில் வைத்துக் கடற்கரை ரோட்டுக்குக் கூட்டிப் போவார். திரும்பி வரும்போது ரொட்டிக் கடையில் நீள ரொட்டி வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். எங்கே போனாலும் எட்டே காலுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எட்டரைக்கு அங்கே ஐந்து மணி. நாங்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவோம். அவள் போனைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டே இருப்பாள். சில நாள் மூன்று தடவை, சில நாள் பத்து தடவை. எழுந்துட்டீங்களா, காலக் கீழ வைங்க, தண்ணியத் தொறங்க. அது முடிந்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை. தட்டில் தோசை போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எட்டரைக்குப் போட்டாள். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

“எழுந்துட்டேன்டா! குளிச்சே முடிச்சிட்டேன். நாலு நாளா நானே எழுந்துக்குறேன், உன்கிட்ட சொல்லல. நீ போட்டப்பல்லாம் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன், சும்மா அடிக்க விட்டேன். ரைஸ் குக்கர்ல சோறும் வெச்சாச்சு. இனிமே நீ போன் போட வேணாம்டா கண்ணு. வெளையாடு, நேரத்தோட படுத்துத் தூங்கு. அப்பா பாத்துக்குறேன்.”

“சரிப்பா,” என்றாள் வினோ.

போனை மேசையில் வைத்தாள். தோசையைப் பிய்த்து ஒரு வாய் வைத்தாள். அதற்கப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் அங்கே போய்ப் பார்த்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. உடம்பு குலுங்கக் குலுங்க, மூச்சு விட முடியாமல் அழுதாள். என் வீட்டுக்காரர் பதறிப்போய் எழுந்து வந்து, “இன்னாம்மா, அப்பாதான் நல்லா இருக்காரே, அவரே எழுந்துக்குறாரே” என்று முதுகைத் தடவினார்.

“ஆமா மாமா,” என்றாள் அவள், தலையைத் தூக்காமல். “அவரே எழுந்துக்குறாரு.”